மீன் வாங்கும் முன் தண்ணீரைப் பழக்குவோம்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்க, நடுநிலை, உயர்நிலை என மூன்று நிலைகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். வகுப்பறை மீன் தொட்டியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு சின்னதுதான். ஆனால், "உங்களில் எத்தனை பேருடைய பள்ளியில் காலித் தொட்டி ஒன்று பீரோவுக்கு மேல் கிடக்கிறது?" என்று கேட்டால் இந்த அறையில் நிறையக் கைகள் உயரும் என்று நினைக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தத் தொட்டிகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தருவார். அன்று மாலையே தண்ணீர் நிரப்பி, வண்ணக் கற்களைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு மீன்களை விட்டுவிடுவோம். நான்கு நாட்களுக்குத் திருவிழாதான். இரண்டாம் வாரம் ஒரு மீன் மிதக்கும். அடுத்த நாள் இன்னொன்று. தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவோம். மீதி மீன்களும் போய்விடும். "நம்ம பள்ளிக்கு மீன் ராசியில்லை" என்று ஒருவர் சொல்வார். "நமக்கு வந்த கண்ணேற்றை மீன் வாங்கிக்கொண்டது" என்று இன்னொருவர் சமாதானம் சொல்வார்.

ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதோடு விடாது. "டீச்சர், நாங்க தினமும் சாப்பாடு போட்டோமே, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ராசியும் கண்ணேறும் விடையல்ல. விடை நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி என்ற பெயரில் இருக்கிறது. அம்மோனியாவாதல், நைட்ரேட்டாதல் என்று படம் போட்டு அம்புக்குறி வரைந்து நடத்துகிறோம். அதே அம்புக்குறிகள் கண்ணெதிரே ஓடும் இடம்தான் மீன் தொட்டி. புதுத் தொட்டியில் அவற்றில் இரண்டு அறுந்து கிடக்கின்றன. மீன் சாவதற்குக் காரணம் அதுதான்.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அம்மோனியாதான். குளத்தில் இது ஒரு பொருட்டல்ல. அங்கே தண்ணீர் அதிகம். சேறு, பாசி, செடி, அவற்றின் மேல் படிந்த பாக்டீரியா எல்லாம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் முதல் நாள் இருப்பது சுத்தமான தண்ணீரும் சுத்தமான கல்லும் மட்டுமே. நம் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதுதான் மீனுக்கு ஆபத்து. கழிவை எடுத்துக்கொள்ள அங்கே யாருமில்லை.

அந்த வேலையைச் செய்ய வேண்டியவை இருவகைப் பாக்டீரியாக்கள். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும், செடிகளும் அதை எடுத்துக்கொள்ளும். இடையிலுள்ள அம்மோனியா, நைட்ரைட் இரண்டும்தான் எமன்கள். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். இரத்தம் பழுப்பு நிறமாகும். காற்றுக் குமிழிகள் நிறைய ஓடிக்கொண்டிருந்தாலும் மீன் மேலே வந்து வாய் பிளந்து திணறும். ஆக்சிஜன் தண்ணீரில் இருக்கிறது, இரத்தம் அதை ஏற்க முடியவில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு கிளைச்செய்தி. இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நாம் சொல்லிவருகிறோம். நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015-இல் நைட்ரோஸ்பைராவிலேயே சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்கின்றன என்று தெரியவந்தது. தேர்வுக்குப் பாடநூல் விடையே போதும். ஆனால் பாடநூலுக்குப் பின்னும் அறிவியல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்காட்ட இது நல்ல இடம்.

இவை மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முன்னதாகவே முடியலாம். முதலில் அம்மோனியா ஏறும். அதைத் தின்னும் பாக்டீரியா பெருகியதும் இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். ஒன்று குறைந்துவிட்டதே என்று நாம் மகிழும் வேளையில் மற்றது உச்சத்தில் இருக்கும். மூன்றாம் வாரத்தில் திடீரென்று மீன்கள் சாவதன் காரணம் பல சமயம் இதுதான்.

இனி, நடைமுறை. என் முதல் விருப்பம், மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குவது. தண்ணீர், கல், வடிகட்டி எல்லாம் வைத்து ஓடவிட்டு, மீனுக்குப் பதிலாக நாமே அம்மோனியா கொடுக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் அம்மோனியம் குளோரைடு இருக்கும். நம் முன்னோர் நவச்சாரம் என்றது அதைத்தான். 50 லிட்டர் தண்ணீரில் 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியம் கிடைக்கும். மூலக்கூறு எடை 53.5, அதில் அம்மோனியத்தின் பங்கு 18 என்று கொடுத்து மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். எடை போடுவதும் கரைப்பதும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். ஆய்வகம் இல்லாத தொடக்கப் பள்ளியில், மீன் உணவைச் சிட்டிகையளவு எடுத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை போட்டு அழுகவிடலாம். அது மெதுவான வழி, கொஞ்சம் வாடையும் வரும். இரு வழியிலும் முடிவு ஒன்றே: அம்மோனியா கொடுத்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

"ஐந்து வாரம் மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்?" என்று கேட்பீர்கள். செடி வையுங்கள். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலுக்குள் கவிழ்த்து வைப்போமே, அந்த ஹைட்ரில்லாவே போதும். வேகமாக வளரும் செடி அம்மோனியத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். குளத்திலிருந்து எடுத்தால் நன்றாக அலசிப் பாருங்கள். தட்டானின் இளவுயிரி ஒளிந்து வந்தால் குட்டி மீன்களை வேட்டையாடிவிடும். நத்தை வந்தால் வரட்டும், அதுவும் ஒரு பாடம்.

ஆனால் நம்மில் பலருக்குத் தொட்டி மீனோடுதான் வருகிறது. எங்கள் பள்ளிக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டடித் தொட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் ஐந்து கப்பி மீன்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறத்தாழ 57 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக நிகரமாக 45 லிட்டர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கிட்டார்கள். திருப்பி அனுப்பவா முடியும்? அந்த ஐந்து மீன்களையும் காப்பாற்றிக்கொண்டே தொட்டியைப் பழக்குவது என்று முடிவு செய்தோம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் பதிவேடு போட்டார்கள். தேதி, அம்மோனியா, நைட்ரைட், மாற்றிய தண்ணீர், மீனின் நடத்தை என்று ஐந்து கட்டம்.

எங்களுக்கு இருந்த விதிகள் கொஞ்சம்தான். ஆறு வாரம் முடியும்வரை ஒரு மீன்கூடக் கூடுதலாக வாங்குவதில்லை. உணவு நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, வாரம் ஒரு நாள் பட்டினி. அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே 30 விழுக்காடு தண்ணீர் மாற்றுவது, 0.5-ஐத் தாண்டினால் பாதி. ஐந்தாம் நாள் அம்மோனியா 0.5 காட்டியது. அடுத்த பத்து நாளில் ஏழு முறை தண்ணீர் மாற்றினோம். மூன்றாம் வாரம் நைட்ரைட் 1-ஐத் தொட்டது. அன்று பாதித் தண்ணீரை மாற்றியதோடு, 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் உப்பைக் கரைத்துச் சேர்த்தோம்.

உப்பு எதற்கு என்று கேட்கலாம். நைட்ரைட்டும் குளோரைடும் செவுளில் ஒரே வாசல் வழியாக உள்ளே போகப் பார்ப்பவை. குளோரைடு அதிகம் இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. பேருந்துப் படிக்கட்டில் முதலில் ஏறி நின்றவர் வழிவிடாத கதைதான். நைட்ரைட் தண்ணீரிலேயே இருக்கும். மீனுக்குள் போவது குறையும். அம்மோனியாவுக்கு உப்பு உதவாது, அதற்குத் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. 34-ஆம் நாள் இரண்டும் சுழியம். ஐந்து மீன்களும் இருந்தன. பெண் மீன்களில் ஒன்று அதற்குள் குட்டி போட்டிருந்தது. விதியை மீறிவிட்டதாக ஒரு மாணவி அதைப் பதிவேட்டில் எழுதிவைத்தாள்.

தண்ணீர் மாற்றும் கணக்கு ஒன்றைக் கணித ஆசிரியர்கள் விட்டுவிடக் கூடாது. அளவு 1 இருக்கும்போது 30 விழுக்காடு மாற்றினால் 0.7 ஆகும். மறுபடி 30 மாற்றினால் 0.4 என்று பிள்ளைகள் சொல்வார்கள்; விடை 0.49. மீதத்தின் மேல்தான் விழுக்காடு என்பது கரும்பலகையில் புரியாதவர்களுக்கும் இங்கே புரிந்துவிடுகிறது.

தொட்டி சின்னதாக ஆக ஆபத்து பெரிதாகும். 40 விழுக்காடு புரதமுள்ள உணவில் 1 கிராமை எடுத்துக்கொள்வோம். புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆக 64 மில்லிகிராம். அதில் பாதி மட்டும் அம்மோனியாவாக மாறினாலே, 50 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.64 மில்லிகிராம் நைட்ரஜன். 12 லிட்டர் தொட்டியில் 2.7 வரை வந்துவிடும். இடைவேளையில் பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் ஒரு கிராம் எளிதில் சேர்ந்துவிடும். அதனால் உணவு டப்பா ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். போடுவது அன்றைய பொறுப்பு மாணவர் ஒருவர் மட்டும். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தங்கமீன் வளர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தங்கமீன் நிறையக் கழிவு விடும், கையளவுக்கும் மேல் வளரும். அழகுக்காக ஓர் உயிரை அந்த இடத்தில் அடைத்து வைப்பதைப் பிள்ளைகள் பார்த்துப் பழக வேண்டாம்.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். அம்மோனியா தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருந்தால் பெரிய தீங்கில்லை. அயனியாகாத அம்மோனியாதான் நச்சு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். மதிப்பு 7 என்றால் மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்குதான் நச்சு வடிவம். பி.எச். 8 என்றால் இருபதில் ஒரு பங்கு. ஒரே எண் கூடியதற்குப் பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். எங்கள் பள்ளி ஆழ்குழாய்க் கிணற்று நீர் 8-ஐ ஒட்டி இருக்கிறது, உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். நமக்குச் சோதனைக் குப்பி காட்டும் 0.5, மென்னீர் உள்ள ஊரின் 0.5 அல்ல. கடினநீரில் கப்பியும் மோலியும் நன்றாக வாழும் என்பது ஓர் ஆறுதல்.

குடிநீர்க் குழாயிலிருந்து பிடித்தால் குளோரின் கவலை. பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் செவுளையும் கெடுக்கும், நாம் அரும்பாடுபட்டு வளர்க்கும் பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான தொட்டியிலோ டிரம்மிலோ ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டிய அந்த வாரங்களில், ஒரு டிரம் தண்ணீர் எப்போதும் முன்கூட்டியே பிடித்து வைத்திருங்கள். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான், நம் ஆய்வகத்து ஹைப்போ.

இப்போது நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. மாலை பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம். வெள்ளி மாலை அணைத்தால் திங்கள் காலைதான். வடிகட்டிப் பஞ்சில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓடாமல் நின்றால் அது பட்டினியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து நலியும். மூடிய பெட்டிக்குள் பஞ்சு இருக்கும் வடிகட்டியில் இது இன்னும் மோசம். எனவே காற்றுப் பம்பில் ஓடும் திறந்த பஞ்சு வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன், விலையும் குறைவு. அதற்கு மட்டும் தனி இணைப்பு கேளுங்கள். 5 வாட் பம்பு மாதம் முழுக்க இரவும் பகலும் ஓடினாலும் 3.6 யூனிட்தான் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் காட்டலாம். பாதுகாப்புக் காரணத்தால் இரவில் மின்சாரம் வைக்கவே முடியாத பள்ளி என்றால் வடிகட்டியை நம்பாதீர்கள். செடியை நிறைய வைத்து, மீனைக் குறைத்து, மூன்று நான்கு கப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டி நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் அக்கறையே இங்கு எதிரி. முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கும். வேறு வகைப் பாக்டீரியா திடீரெனப் பெருகுவதால் வருவது அது. சில நாளில் தானே தெளியும். அதைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் கழுவினால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிடக் கல், கண்ணாடி, பஞ்சு இவற்றின் மேற்பரப்பில்தான் ஒட்டி வாழ்கிறது. அதனால் தண்ணீரைப் பாதி மாற்றினாலும் அது போகாது. பஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் போய்விடும். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஒருமுறை மெதுவாகப் பிழிந்தால் போதும். சோப்பு, பினாயில் பக்கத்திலேயே வரக் கூடாது. மீன் சோர்ந்திருக்கிறது என்றதும் கடைக்காரர் கொடுக்கும் நீல மருந்தை ஊற்றுவதற்கு முன், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். அந்த மருந்து பஞ்சிலுள்ள பாக்டீரியாவையும் பாதிக்கும். அம்மோனியா ஏறிய தொட்டியில் அது எரியும் நெருப்பில் எண்ணெய்.

குறுக்கு வழி உண்டா என்றால், ஒன்று உண்டு. பக்கத்துப் பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ மாதக்கணக்கில் நோயின்றி ஓடும் தொட்டி இருந்தால், புதுப் பஞ்சு ஒன்றை அதில் மூன்று நான்கு வாரம் ஓடவிட்டு, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அப்போதும் முதல் இரு வாரம் சோதனையை விட்டுவிடக் கூடாது.

சோதனைக் குப்பிகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. சென்னைப் பக்கத்தவர்கள் கொளத்தூர் போனால் தெருவுக்குத் தெரு கடை. செலவுக்கு யோசிப்பவர்கள், குடிநீர்ப் பரிசோதனைக்கென உங்கள் ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா, அதில் அம்மோனியா, நைட்ரைட் குப்பிகள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். குப்பியே இல்லாதபோது மீனைத்தான் பார்க்க வேண்டும்: மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது, செவுள் சிவந்தோ பழுப்பேறியோ இருப்பது, துடுப்பை உடலோடு ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடப்பது. எதைக் கண்டாலும் உணவை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். காரணம் பிறகு தேடலாம்.

எப்போது தொடங்குவது? ஜூன் கடைசியில் தொடங்கினால் காலாண்டு விடுமுறைக்குள் தொட்டி பழகிவிடும். விடுமுறைக்கு முந்தைய வாரம் தொடங்குவது மட்டும் கூடாது. பழகிய தொட்டியில் வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். லீவுக்குச் சேர்த்து ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போவதுதான் அவற்றைக் கொல்லும். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கு அருகில் வீடுள்ளவர் பொறுப்பேற்க வேண்டும். பராமரிக்க முடியாமல் போனாலும் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். கப்பியும் மோலியும் வெளிநாட்டு மீன்கள், நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவி நாட்டு மீன்களோடு போட்டியிடுகின்றன. இன்னொரு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம்.

மேசையில் மூன்று பாட்டில்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் எங்கள் பழைய தொட்டித் தண்ணீர், ஒன்றில் நான்கு நாளுக்கு முன் தொடங்கிய தொட்டியின் தண்ணீர், ஒன்றில் இந்த மையத்துக் குழாய்த் தண்ணீர். எது எது என்று பெயர் ஒட்டவில்லை. தேநீர் இடைவேளையில் வந்து சொட்டுமருந்தை விட்டு நிறத்தைப் பாருங்கள். முதல் பாட்டிலை யார் எடுக்கிறீர்கள்?